துளசி பாய் சரியாகவே வாசித்தார்

துளசி பாய் காலமான செய்தி, மதுரை தல்லாகுளத்தில் எங்கள் மின்னணுப் பட்டறையின் தொலைபேசி வழியே ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் வந்தது. முதலாளி செல்லப்பாண்டி எடுத்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ம துளசி போயிருச்சாம்மா. மூணு நாள் காய்ச்சலாம்" என்றார். நான் அப்போது ஒரு பலகையில் சால்டரிங் செய்துகொண்டிருந்தேன். தொடங்கிய இணைப்பை முடித்த பின்னரே எழுந்தேன்.

அந்தக் கணத்தில் என்னுள் முதலில் எழுந்தது துயரம் அன்று, நிம்மதி. ஒரு செய்தியை இவ்வுலகில் அவரும் நானும் மட்டுமே அறிந்திருந்தோம். இனி நான் மட்டுமே அறிவேன் என்று எண்ணினேன். துயரம் அதன் பின்னர்தான் வந்தது. அந்த வரிசையை மறைத்துவிட்டு எழுதப்படும் எந்த அஞ்சலியும் பொய்யாகவே அமையும். ஆகவே அவரை அறிந்த உங்கள் அனைவரிடமும் அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பட்டறைக்கு அவர் தட்டச்சுச் செய்யும் பெண்ணாக வந்தார். நான் அங்கே அவருக்கு முன்பே சேர்ந்தவள். செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு நின்று, அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகங்களைப் பிரித்து, ரேடியோவில் தொடங்கி மைக்ரோபிராசசர் வரை நானே கற்றுக்கொண்டவள். கல்லூரியில் படித்தவர்கள் என்னிடம் ஐயம் கேட்டு மாடிப்படி ஏறி வந்த நாள்கள் உண்டு. அதில் எனக்கிருந்த பெருமிதம் சிறிதன்று. அதற்கும் இக்கதையில் பங்குண்டு.

அக்காலத்தில் நாங்கள் வேலை செய்த முறையை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் செய்ய வேண்டியதை முதலில் நோட்டில் எழுதுவோம். பின்னர் அட்டவணையைப் பார்த்து, ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய குறியை எதிரே குறிப்போம். அக்குறிகளில் பூச்சியம் முதல் ஒன்பது வரையிலான எண்களும், அவற்றுக்கு மேல் ஆறு எழுத்துகளும் வரும். ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிக்க, மற்றொருவர் 'கிட்' என்று நாங்கள் அழைத்த பயிற்சிப் பலகையின் பொத்தான்களை அழுத்துவார். முழுவதும் ஏறியதும் ஈப்ராம் என்னும் சிறு சில்லில் அதைப் பதித்துவிட்டால், மின்சாரம் நின்றாலும் அழியாது. அந்தச் சில்லின் முதுகில் ஒரு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதில் வெயில் நெடுநாள் பட்டால் பதித்தது அழிந்துவிடும் என்பதால் கறுப்புக் காகிதத்தால் மூட வேண்டும். துளசி அக்காகிதத்தை வட்டமாகக் கத்தரித்து ஒட்டி, அதற்குத் திருஷ்டிப் பொட்டு என்று பெயரும் வைத்தார். "சூரியன் கண்ணு படாம இருக்கட்டும் அக்கா" என்பார். எங்களிடமிருந்து போன சில்லுகள் யாவும் பொட்டு வைத்துக்கொண்டுதான் போயின.

வாசிப்பவர் துளசி. அழுத்துபவள் நான். அவரைப் போல் வாசித்தவரை நான் பிறகு கண்டதில்லை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவர் ஆதலால், தமிழை உச்சரிக்கையில் ஒவ்வொரு சொல்லையும் தனியே எடுத்து வைப்பார். ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையே ஒரு மூச்சு விடுவார். கடைசிக் குறி வரை அந்த மூச்சின் அளவு மாறாது. ஒருமுறை நான் எழுதிய வரியிலேயே பிழை இருப்பதை வாசிக்கும்போது கண்டுபிடித்தார். அவர் நிரல் எழுதக் கற்றவர் அல்லர். வரிகளைக் கேட்டுக் கேட்டே அவற்றின் போக்கை அறிந்திருந்தார். நான் அதைத் திருத்திவிட்டு, "இதனால் பெரிய கேடு நேர்ந்திருக்காது" என்றேன். அதற்கு அவர், "மெஷினுக்கு மரியாதை தெரியாது அக்கா. நீங்க எம்புட்டுப் பெரிய ஆளுன்னு அது பாக்காது, போட்டதைத்தான் செய்யும்" என்றார். முதலாளி உரக்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுத்துகளை எப்படி வாசிப்பது என்பதில் எங்களுக்குள் ஒரு வழக்கு நடந்தது. ஆங்கிலத்தில் பி, சி, டி, ஈ நான்கும் ஒரே ஓசையில் முடிவதால், மின்விசிறிச் சத்தத்தில் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும். ஆகவே நான் ஒரு முறை வகுத்தேன். ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளுக்குப் பதில் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று நம் உயிரெழுத்துகளையே வாசிப்பது. அந்த ஏற்பாட்டின் அழகில் நான் மயங்கியிருந்தேன். துளசி இரண்டு நாள் வாசித்துப் பார்த்துவிட்டு, குறிலும் நெடிலும் நோட்டில் நன்றாக இருக்கின்றன, காதுக்கு ஆகாது என்றார். ஆ என்பதும் ஆறு என்பதும் இடிக்கின்றன என்றார். அவரும் ஒரு முறை வைத்திருந்தார்: கத்திரி, வெண்டை, முருங்கை, பாகல், சுரை, பூசணி.

"முருங்கையையும் பாகலையும் யாராச்சும் மாத்திக் கேப்பாகளா அக்கா?"

இது கருவிக்கூடம், காய்கறிச் சந்தை அன்று என்று நான் பதில் சொன்னேன். பட்டறையில் இருந்த எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். துளசி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, என் முறைப்படியே வாசித்தார். அந்த வழக்கில் நான் வென்றேன்.

துளசியின் தாய்மாமன் துவாரகநாதன் திருநகரை அடுத்துப் பட்டுநூல் பட்டறை நடத்திவந்தார். கச்சாப் பட்டின் பசை போவதற்கு அதைச் சோப்புக் கரைசலில் குறித்த நேரம் கொதிக்கவைத்து எடுப்பார்கள். நேரம் குறைந்தால் சாயம் பிடிக்காது. கூடினால் நூல் பஞ்சாகிவிடும். நீராவியைத் திறந்து, நாற்பது நிமிடம் எண்ணி, வால்வை மூடி மணியடிக்கும் ஒரு பெட்டியை நாங்கள் செய்து கொடுத்தோம். தலைமுறைகளாகக் கண்ணாலும் விரலாலும் பதம் பார்த்து வந்த அந்தக் குடும்பத்தை ஓர் இயந்திரத்தை நம்பச் செய்தவர் துளசி. தம் சொல்லைப் பிணையாக வைத்துத்தான் அவர் அதைச் செய்தார். முதல் பெட்டி இரண்டு மாதம் பிழையின்றி ஓடியது. மாமா இரண்டாம் தொட்டிக்கும் ஒன்று கேட்டார்; அதற்கு நேரம் மட்டும் சற்றுக் கூடுதல்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதால், அதற்கு முன், தொட்டியில் ஏற்கெனவே பூட்டியிருந்த பெட்டியில் சில்லைச் செருகி ஓட்டிவிட வேண்டும் என்று மாமா காலையிலேயே எங்கள் மாடியில் வந்து உட்கார்ந்துவிட்டார். பாதி நிரல் ஏறியிருந்தபோது மின்சாரம் போயிற்று. கிட்டின் நினைவில் இருந்த அத்தனையும் அழிந்தன. மின்சாரம் திரும்பியதும் முதலிலிருந்து தொடங்கினோம். ஒன்பதரைக்குள் சில்லு கிளம்பியாக வேண்டும். மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரத்தை எண்ணும் பகுதியின் இறுதியில், "எண்ணிக்கை தீரவில்லை எனில் திரும்பிப் போ" என்றொரு கட்டளை வரும். ஆங்கில எழுத்தில் அது சி-யும் இரண்டும். என் முறையில், இ, இரண்டு. துளசி அதை வாசிக்கத் தொடங்கிய வேளையில், "இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்மா?" என்று மாமா கேட்டார். நான் பொத்தானிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன் என்று பதில் சொன்னேன். துளசி 'இ' என்றார், வழக்கமான மூச்சை விட்டார், 'இரண்டு' என்றார். அவர் விட்ட இடைவெளியில் என் பேச்சு நுழைந்துகொண்டது. இரண்டு இகரங்களும் ஒன்றாகச் சேர்ந்து என் காதில் ஈகாரமாக விழுந்தன. ஈ என்றால் டி. என் விரல் டி-யை அழுத்தியது.

விரலுக்குத் தெரிந்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அழுத்தியவுடன் ஒரு கணம் அது தயங்கி நின்றது. "மறுபடி சொல்" என்ற இரண்டு சொற்கள் போதுமானவையாக இருந்தன. மாமா பார்த்துக்கொண்டிருக்கையில் அப்படிக் கேட்பது என் திறமைக்கு இழுக்கு என்று தோன்றியது. அடுத்த குறிக்குப் போனேன்.

ஏற்றி முடித்ததும், நான் கிட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வாசிக்க, துளசி நோட்டோடு ஒத்துப் பார்ப்பது எங்கள் பட்டறையின் நியதி. "திருப்பி வாசிச்சிருவமா அக்கா?" என்று அவர் கேட்கவும் செய்தார். இரண்டு மாதமாக ஓடுகிற நிரல்தானே, இன்று அது வேண்டியதில்லை என்றேன். சில்லைப் பதித்தேன். பட்டறையிலிருந்த சோதனைப் பலகையில் செருகி மின்சாரம் கொடுத்ததும் விளக்கு எரிந்தது, வால்வைத் திறக்கும் ரிலே 'டக்' என்றது. மூடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நாற்பது நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். யாரும் காத்திருக்கவில்லை. துளசி பொட்டை ஒட்டிக் கொடுத்தார். மாமா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

சி-க்குப் பதில் டி வந்தால் கட்டளையே வேறாகிவிடும். எண்ணிக்கை தீர்ந்ததா என்று பார்ப்பதற்குப் பதிலாக, ஒருபோதும் மாறாத வேறொன்றைப் பார்த்துவிட்டு, இயந்திரம் திரும்பத் திரும்ப அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அது அவ்வாறே சுற்றியது. மணி அடிக்கவில்லை. வால்வு மூடவில்லை. மணியை நம்பிய வேலையாள் அடுத்த தொட்டியில் குனிந்திருந்தார். பிற்பகலில் மாமா, பெட்டியிலிருந்து கழற்றிய சில்லோடு ஒரு பை நிறைய நூலையும் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். பட்டு என்று சொல்ல அதில் ஏதுமில்லை. விரலால் இழுத்தால் பிய்ந்து வந்தது. மாமா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முதலாளி சில்லைக் கிட்டில் வைத்து ஒவ்வொரு குறியாகத் தள்ளிப் பார்த்தார். அந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். நோட்டில் சி, இரண்டு. திரையில் டி, இரண்டு. "இது எப்படிம்மா வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன்: "வாசிப்பில் பிழை நேர்ந்திருக்கிறது."

இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் குற்றம் இல்லை. எவர் பெயரும் அதில் இல்லை. ஆனால் அந்தப் பட்டறையில் வாசிப்பவர் ஒருவரே. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார்.

துளசி என்னை மட்டும் பார்த்தார். "அக்கா, நான் இ-ன்னுதானே சொன்னேன்?" என்றார். குரலில் சினம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவரைப் போலக் கேட்டார். அவர் தம் வாயையே ஐயுறத் தொடங்கியது அந்தக் கணத்தில்தான் என்று நினைக்கிறேன்.

"எனக்கு நினைவில்லை" என்றேன். எனக்கு நினைவிருந்தது.

இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. முதலாளி ஆளனுப்பிக் கேட்டபோது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பதில் வந்தது. அதன்பின் வீட்டில் நூல் சுற்றும் வேலை செய்துகொண்டிருந்தார். அவர்கள் தெருவில் அவருக்கு ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டதையும் நான் அறிவேன்: 'பட்டு அவிச்சவ.' பெயர் ஒன்றாக இருப்பவர்களைப் பிரித்துச் சொல்ல நம் ஊரில் வழங்கும் முறைப்படி, "எந்தத் துளசி?" என்றால், "அதான், பட்டு அவிச்சவ" என்பார்கள். ஒரு முகூர்த்த வீட்டில் அடுப்படிப் பக்கம் போனவரை, "ஏத்தா, நீ பால்கிட்டப் போயிராத" என்று ஒரு பெண் கேலி செய்தாளாம். இதை எனக்குச் சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த ஆண்டே என் உயிரெழுத்து முறையைக் கைவிட்டேன். புதிதாக வாசிக்க வந்தவரிடம் கத்திரி, வெண்டை, முருங்கை என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் வியந்து, இது யாருடைய யோசனை என்று கேட்டார். நான் மறுமொழி கூறாமல் இருந்தேன். அவர் அதை என்னுடையது என்று எடுத்துக்கொண்டார். இன்று மதுரையில் இரண்டு மூன்று பட்டறைகளில் அப்படித்தான் வாசிக்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் தெரிவிக்கிறேன், அது துளசி பாயின் யோசனை.

அவரை நான் மீண்டும் கண்டது ஒரே ஒரு முறை, பசுமலை பேருந்து நிறுத்தத்தில். மெலிந்திருந்தார். அவரே முன்வந்து பேசினார். பட்டறையைப் பற்றிக் கேட்டார், இப்போது வரும் சில்லுகள் எவ்வளவு கொள்ளும் என்று கேட்டார். அதன் பிறகு சற்று நேரம் எதையோ எதிர்பார்ப்பவர் போலப் பேசாமல் நின்றார். அவர் கேட்கவில்லை; நான் சொல்லவும் இல்லை. பேருந்து வந்துவிட்டது என்று இவ்விடத்தில் எழுதுவது எளிது. பேருந்து வரவில்லை. எனக்கு நேரமாகிறது என்று சொல்லி, எதிர்ப்பக்கம் நின்ற ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

செய்தி வந்த மறுநாள் துக்கம் விசாரிக்கச் சென்றேன். துவாரகநாதன் வாசலில் இருந்தார். அவரைத் தனியே அழைத்து, நடந்ததைச் சொன்னேன். ஏழு ஆண்டுகளாக மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"பிள்ளைய நான் ஒரு வார்த்தை திட்டலம்மா," என்றார். "திட்டியிருந்தாலாச்சும் பதில் சொல்லியிருக்கும். பேசாமயே இருந்துட்டேன்."

இதை எழுத்தில் தருகிறேன், தங்கள் சௌராஷ்டிர சங்கத்து மலரில் அச்சிடுங்கள் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதிக் குடுங்க, வேணாங்கல. ஆனா எங்க தெருவுல எழுதினதைப் பாத்து யாரும் பேரு வைக்கலம்மா, வாயாலதான் வச்சாக. காரியத்தன்னைக்கு வந்து வாயால சொல்லிட்டுப் போங்க."

சென்றேன். உறவினர் எல்லோரும் கூடியிருந்தனர். நான் பேசுவதற்காக அமைத்துச் சென்ற உரையின் முதல் வாக்கியம், "அன்று நிகழ்ந்த பிழைக்கு" என்று தொடங்கியது. அங்கேயே நின்றுவிட்டேன். பிழை நிகழவில்லை. நான் செய்தேன். என் ஊரில் பேசுகிற தமிழில், பல ஆண்டுகளாக நான் வெளியில் பேசாத தமிழில், "துளசி சரியாத்தான் படிச்சுச்சு. நாந்தான் தப்பாக் கேட்டேன். தெரிஞ்சும் பழிய அது மேல விட்டுட்டேன்" என்றேன்.

யாரும் ஏசவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டனர். துளசியின் தாயாருக்குக் காது சரியாகக் கேட்காது. மாமா அவர் அருகில் குனிந்து சௌராஷ்டிரத்தில் எடுத்துச் சொன்னார். தாயார் என்னை ஒருமுறை பார்த்தார். மறுமொழியாகச் சில சொற்கள் சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"சாப்பிட்டுப் போகணுமாம்," என்றார் மாமா. "அவுக பக்கத்துல உங்களுக்கு இலை போடச் சொல்றாக."

உட்கார்ந்து உண்டேன். அந்தத் தாயார் என் இலையில் எது தீர்ந்தது என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறச் செய்தார். அதைவிடக் கடினமான ஒன்றை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

துளசி பாயை அறிந்தவர்களே, அவருடைய நோட்டுகள் பட்டறையில் இருக்கின்றன. அவை அவர் குடும்பத்துக்கு உரியவை, கொடுத்துவிடுவேன். அவரிடமிருந்து ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஏழு ஆண்டுகள் அவர் சுமந்த அந்தப் பெயர் அவருடையது அன்று. தல்லாகுளத்தில் யாரேனும் என்னைக் காட்டி, அவர் யார் என்று உங்களிடம் கேட்டால், பட்டு அவிச்சவ என்று சொல்லுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.